ஜோவுக்கு யார் சொல்வது?

(திருப்பூரில் ஒரு ஞாயிறு மாலை ‘பரியேறும் பெருமாள்’ படத்தைத் திரையிட்டு நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வந்து விழுந்த கொங்கு வழக்கைப் பல இடங்களில் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.)



வாரம் முழுக்க ஒன்றரை சிப்டு பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரே ஞாயித்துக்கிழமையில் துணி துவைத்து, தலைக்கு ஊத்தி, கறி எடுத்துச் சமைத்து, கொஞ்சம் கண் அசர வேண்டிய நேரத்தில் இந்த மாடிக்கு ஏறி வந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறீர்கள். படம் முடிந்து லைட்டைப் போட்டபோது யாரும் கை தட்டவில்லை. இந்தப் படத்துக்கு அதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது.

பேசுவதற்கென்று நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ‘வெகுசன சினிமாவும் தலித் பிம்பமும்’ என்று தலைப்புக்கூடப் போட்டிருந்தேன். படம் முடிந்து கீழே டீ குடிக்கப் போனபோது, ஓவர்லாக் அடிக்கிற தங்கச்சி ஒருத்தர் பக்கத்தில் வந்து கேட்டார்: “ஏனுங்ண்ணா, அந்தப் புள்ளைக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியாதுங்களா? ஊட்டுல பேசறது காதுல விழுகாதுங்களா?”

நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அந்தத் தங்கச்சியின் கேள்விக்குப் பதில் தேடிப் பார்ப்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

பாதியில் வந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் தேதி வந்த படம். மாரி செல்வராஜுக்கு இது முதல் படம். பா. இரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பரியன் சட்டக் கல்லூரிக்குப் படிக்க வருகிறான். இங்கிலீஷ் பாடம் புரியவில்லை. கூடப் படிக்கிற ஜோதி மகாலட்சுமி, அதாவது ஜோ, சொல்லிக் கொடுக்கிறாள். நல்ல பிள்ளை. கள்ளங்கபடு இல்லாத பிள்ளை. தன் அக்கா கல்யாணத்துக்குப் பரியனைக் கூப்பிடுகிறாள். போகிறான். மண்டபத்தில் ஒரு ரூமுக்குள் போட்டு அவளுடைய சொந்தக்காரர்கள் அடிக்கிறார்கள். மேலே மூத்திரம் பெய்கிறார்கள். அவளுடைய அப்பா அழுதுகொண்டே, உன்னையும் கொன்னு என் பொண்ணையும் கொன்னுடுவாங்க என்கிற மாதிரி சொல்லி அனுப்புகிறார். வெளியே ஜோ காத்துக்கொண்டிருக்கிறாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று அவளுக்குக் கோபம். மறுநாளும் பரியன் சொல்வதில்லை. அடுத்த மாதமும் சொல்வதில்லை. படம் முடிகிறவரைக்கும் சொல்வதே இல்லை.

இதைக் காதல் படம் என்கிறார்கள். பரியன் ஜோவைக் காதலிக்கிறானா? எனக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்பதுதான் படத்தில் இருக்கிற பெரிய விசயம். அது காதலா, சிநேகமா, இல்லை சும்மா ஒரு நன்றியா என்று யோசித்துப் பார்க்கக்கூட அவனுக்கு அவகாசம் கொடுக்கவில்லை. அவன் மனசு முடிவு பண்ணுவதற்கு முன்னாலேயே அவர்கள் தடியை எடுத்துவிட்டார்கள். சாதி இந்துப் பையனுக்குக் காதல் தோற்றால் தாடி வளர்க்கிறான், பாட்டுப் பாடுகிறான். நம் பையனுக்குத் தோற்பதற்கு ஒரு காதல் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்கிற உரிமையே இல்லை. இழப்பு என்றால் அதுதான் இழப்பு.

கொங்குச் சீமைக்காரர்களான நமக்குச் சினிமா ஒன்றும் புதுசில்லை. தமிழ் சினிமாவின் கிராமங்களில் பாதி, கோபியிலும் பொள்ளாச்சியிலும் நம்முடைய வரப்பு மேலும் வாய்க்கால் கரையிலும் எடுக்கப்பட்டதுதான். 1992இல் ‘சின்னக் கவுண்டர்’. 1993இல் ‘எஜமான்’. 1994இல் ‘நாட்டாமை’. பள்ளிக்கூடம் போகிற வயசில் இவற்றையெல்லாம் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்து வளர்ந்தவன் நான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஆலமரத்தடி, தீர்ப்பு. ஊரே கைகட்டி நிற்கும். அந்தக் கூட்டத்தில் எங்கப்பாவைத் தேடுவேன். உழுகிற காடு எங்கப்பா உழுத காடு மாதிரியே இருக்கும். ஆனால் உழுகிறவன் முகம் இருக்காது. மண் நம்முடையது, மானம் அவர்களுடையது என்று அந்தப் படங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தன. நாமும் விசில் அடித்தோம்.

அப்புறம் நம் ஆள் நாயகனாக வந்தபோது என்ன ஆனது? 1997இல் சேரனின் ‘பாரதி கண்ணம்மா’. பண்ணையார் மகளை விரும்பிய சேரிப் பையன் கடைசியில் அவளுடைய சிதையில் விழுந்து சாகிறான். 2004இல் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’. மெக்கானிக் முருகன் மனநிலை தவறித் தெருவில் திரிகிறான். 2016இல் மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் ‘சாய்ராட்’. இரண்டு பேரையும் வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். குழந்தை மட்டும் மிச்சம். இந்தப் படங்களை எடுத்தவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. நடப்பதைத்தான் காட்டினார்கள். ஆனால் நம் வீட்டுப் பையன் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது அவன் கையில் இரண்டே வழிதான் இருந்தது. சாவு, இல்லாவிட்டால் பைத்தியம்.

பரியன் சாகவில்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவனுடைய நாய் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள். கடைசியில் பரியனையே அடித்து மயக்கமாக்கித் தண்டவாளத்தில் கிடத்துகிறார் அந்தக் கிழவர். அவன் எழுந்துகொள்கிறான். 2013 ஜூலை 4ஆம் தேதி தர்மபுரியில் இளவரசன் தண்டவாளத்து ஓரம்தான் பிணமாகக் கிடந்தார். 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் நமக்குப் பக்கத்தில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில்தான் கிடந்தது. ஊருக்குப் போக ரயில் ஏறுகிற இடம் மற்றவர்களுக்குத் தண்டவாளம். நமக்கு அது வேறு. அதிலிருந்து ஒரு பையன் எழுந்து நடந்து வருகிறான் என்று ஒருத்தர் படம் எடுத்ததற்காகவே அவருக்குக் கை கொடுக்கலாம்.

ஆனால் எழுந்து வந்த பையன் ஜோவிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. ஏன்?

இதற்குப் பதில் எனக்குப் படத்தில் கிடைக்கவில்லை. எங்கப்பாவிடம் கிடைத்தது. அதைச் சொல்கிறேன்.

2018 அக்டோபரில் திருப்பூரில் ஒரு தியேட்டரில் இந்தப் படத்தை முதல் தடவை பார்த்தேன். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அப்பா சின்ன வயசில் பண்ணையத்தில் இருந்தவர். பிறகு ரொம்ப வருசம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். படத்தில் பரியனின் அப்பா பெண் வேடம் கட்டி ஆடுகிற கூத்துக்காரர். அதில் நடித்த நெல்லை தங்கராஜ் நிஜத்திலும் அப்படி ஆடிப் பிழைத்த கலைஞர். 2023இல் மறைந்துவிட்டார். கல்லூரியில் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னபோது பரியன் முதலில் ஒரு பொய்யான அப்பாவைத்தான் கூட்டி வருகிறான். பிறகு இன்னொரு தடவை நிஜமான அப்பாவே வருகிறார். மாணவர்கள் அந்த மனுசனைக் கேலி செய்து, வேட்டியை உருவி, விரட்டுகிறார்கள். அவர் ரோட்டில் ஓடுகிறார். பரியன் பின்னாலேயே ஓடுகிறான்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அப்பா சீட்டில் இல்லை. வெளியே போய்த் தேடினால் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வேப்பமரத்தடியில் நிற்கிறார். “என்னங்ப்பா?” என்றேன். “ஒண்ணுமில்ல சாமி. உள்ள புழுக்கமா இருந்துது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “அந்தாளோட வேட்டிய உருவுனதுகூடப் பெருசில்ல கண்ணு. பையன் பாத்துப்போட்டானே. அதான்.”

பையன் பார்த்துவிட்டான். அவமானத்தைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

படம் விட்டதும் எதிரில் இருந்த கடையில் மூணு டீ சொன்னேன். அப்பா குடித்து முடித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் டிரம்மில் இருந்த தண்ணியில் தானே கழுவி வைத்தார். டீ மாஸ்டர், “வெச்சிட்டுப் போங்க பெரியவரே, பையன் கழுவிக்குவான்” என்றார். அப்பா சிரித்தார். எப்போதும் அப்படித்தான் செய்வார். சுத்தமான மனுசன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அம்மாதான் சொன்னார். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஞாயித்துக்கிழமையானால் அப்பா என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்து, மூணு மைல் தள்ளி பஸ் போகிற ரோட்டில் இருக்கிற கடைக்குக் கூட்டிப் போவார். அவருக்கு டீ. எனக்குத் தேங்காய் பன். எங்கள் ஊருக்குள்ளேயே ஒரு டீக்கடை இருந்தது. அதைத் தாண்டித்தான் சைக்கிள் போகும். ஏன் அங்கே போகவில்லை என்று நான் கேட்டதே இல்லை. ரோட்டுக்கடை பன்னு ருசி, அதுக்காகத்தான் அப்பா அவ்வளவு தூரம் மிதிக்கிறார் என்று பேங்க் வேலைக்குச் சேர்ந்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர்க்கடையில் வளவுக்காரர்களுக்குத் தனி டம்ளர். சாய்ப்புக் கூரையில் செருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, நாமே கழுவி, தள்ளி நின்று நீட்டினால் மேலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு மறுபடியும் கழுவிச் செருகிவிட்டு வரவேண்டும். அதற்கு முந்தின தலைமுறைக்கு அதுவும் கிடையாது, தேங்காய்த் தொட்டிதான். எனக்கு விவரம் தெரிகிற வயசு வந்ததும், நான் அதைப் பார்த்துவிடக் கூடாது என்று அப்பா ஊர்க்கடையை நிறுத்திவிட்டார். மகன் கண்ணுக்கு மறைக்க ஞாயித்துக்கிழமைதோறும் போக மூணு மைல், வர மூணு மைல். எனக்குத் தெரிந்தது பன்னு. அவருக்குத் தெரிந்தது டம்ளர்.

இப்போது பரியன் எனக்குப் புரிகிறான். மறைப்பது நம் ஆட்களிடம் பிரியத்தின் இன்னொரு பேர். எனக்கு நடந்தது உனக்குத் தெரிந்தால் உன் முகம் வாடிப்போகும், அதை என்னால் பார்க்க முடியாது என்பதுதான் எங்கப்பாவின் நினைப்பு. அதுவேதான் பரியனின் நினைப்பும். ஜோ இந்த உலகத்தை நல்ல உலகம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்த நம்பிக்கையை உடைக்கிறவனாக அவன் இருக்க விரும்பவில்லை.

நானும் மறைத்திருக்கிறேன். வேறு மாதிரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியம் சாப்பிடும்போது “அப்பா என்ன பண்றாருங்க?” என்று கேட்பார்கள். “விவசாயமுங்க” என்பேன். பொய் இல்லை. எங்கப்பா வாழ்க்கையில் பாதி, மண்ணைக் கிண்டினவர்தான். ஆனால் நம் பக்கத்தில் விவசாயம் என்று சொன்னால் கேட்கிறவர் மனசில் தோட்டம், கிணறு, வீடு, சாதி எல்லாம் வந்துவிடும். அது தெரிந்தேதான் சொன்னேன். பரியன் கூட்டி வந்த பொய் அப்பாவை நான் ஒரே வார்த்தையில் கூட்டி வந்துவிட்டேன். அப்பா மறைத்தது என் முகம் வாடக் கூடாது என்று. நான் மறைத்தது என் நாற்காலி ஆடக் கூடாது என்று. இரண்டும் ஒன்றில்லை.

ஆக, மறைப்பதிலும் யாருக்காக என்று ஒரு கேள்வி இருக்கிறது. பெத்த பிள்ளையிடம் மறைத்தால் பிள்ளைக்குக் கொஞ்ச காலம் நிம்மதியான குழந்தைப் பருவம் கிடைக்கிறது. ஜோவிடம் மறைத்தால் யாருக்கு நிம்மதி? ஜோவுக்கா? அவளுடைய குடும்பத்துக்கு. அவளுடைய அண்ணன் முறைக்காரன் சங்கரலிங்கம் அவள் கண்ணில் நல்லவனாகவே நடமாடுகிறான். அப்பா பாசமுள்ள அப்பாவாகவே இருக்கிறார். வீடு வீடாகவே இருக்கிறது. பரியன் வாய் மூடுவதால் கட்டிக்காக்கப்படுவது அந்தக் குடும்பத்தின் மானம். இத்தனை அடி வாங்கியும் அவர்கள் மானத்தை நம் பையனே சுமந்து திரிகிறான்.

1916 மே 9ஆம் தேதி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியச் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார் ஓர் இளைஞர். பாபாசாகேப் அம்பேத்கர். அப்போது அவருக்கு 25 வயசு. சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, தன் சாதிக்குள்ளேயே கட்டிக்கொள்வதில் இருக்கிறது என்று அன்றைக்கே சொன்னார். நாம் இதை மேடையில் நூறு தடவை சொல்லிவிட்டோம். அதன் அர்த்தம் என்ன? டீக்கடைச் சாதியைக் கண்ணால் பார்க்கலாம், போராடலாம், கேஸ் போடலாம். இன்றைக்குக்கூட சில கடைகளில் நமக்குப் பேப்பர் கப்பு, அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர் என்று புது வேசத்தில் அது இருக்கிறது. கேட்டால் சுகாதாரம் என்கிறார்கள். ஆனால் சாதி தங்கியிருக்கிற அசல் இடம் குடும்பம். பாசம் என்றும் மானம் என்றும் பேர் வைத்து, பெண் பிள்ளையின் கழுத்தில் கயிறாகக் கட்டி, சோறு போட்டு வளர்க்கப்படுவது அது. சினிமாவில் வருகிற குடும்பப் பாசத்தைப் பார்த்து நாம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜோவுக்குத் தெரியாமலிருப்பது அவளுக்குப் பாதுகாப்பு என்று நினைத்தால் அதுவும் தப்பு. இந்த இடத்தில்தான் நான் படத்தோடு முரண்படுகிறேன். அந்தக் கிழவர் செய்கிற கொலைகளில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். உன்னையும் கொன்னு என் பொண்ணையும் கொன்னுடுவாங்க என்று அப்பாவே சொல்கிறார். ஆக, ஜோவின் தலைக்கு மேலேயும் அரிவாள் தொங்குகிறது. பரியனுக்கு அது தெரியும். அப்பாவுக்குத் தெரியும். சங்கரலிங்கத்துக்குத் தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான். தன் கழுத்துக்கு மேலே இருப்பது என்னவென்று தெரியாத பெண்ணை நாம் வெகுளி என்று கொண்டாடுகிறோம்.

கதை என்று சொல்லாதீர்கள். நம் ஊரிலேயே நடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பனியன் கம்பெனியில் வேலை செய்த ஒரு பையனும் பெண்ணும். இரண்டு பேருக்கும் 19 வயசு. பள்ளிக்கூடத்துச் சிநேகம். பையன் தலித். 2023 டிசம்பர் 31ஆம் தேதி திருப்பூரில் கல்யாணம் செய்துகொண்டார்கள். 2024 ஜனவரி 2ஆம் தேதி பல்லடம் காவல் நிலையத்திலிருந்து அந்தப் பெண்ணை அவளுடைய அப்பாவோடு அனுப்பி வைத்தார்கள். மறுநாள் ஊரில் அவளைக் கொன்று எரித்துவிட்டார்கள். பெத்தவர்களையே கைது செய்தார்கள். இன்ஸ்பெக்டர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இந்த மாதிரி ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஏப்ரலிலேயே சொல்லியிருக்கிறது. பாதுகாப்பு இல்லம் வேண்டும், தனிப் பிரிவு வேண்டும், மேஜரான இரண்டு பேர் சம்மதித்துக் கட்டிக்கொண்டால் தடுக்க எவருக்கும் உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27ஆம் தேதி தீர்ப்பு எழுதியிருக்கிறது. இத்தனையும் காகிதத்தில் இருந்தபோதுதான் அந்தப் பெண்ணை அப்பன் கையில் பிடித்துக் கொடுத்தார்கள். அப்பன்தானே, என்ன செய்துவிடப்போகிறான் என்று நினைத்திருப்பார்கள். குடும்பம் என்கிற வார்த்தைக்கு இந்த நாட்டில் அவ்வளவு மரியாதை.

தப்பி வருகிற ஜோடிகளுக்கு இது போக்கிடமான ஊர். கேட்பாரில்லாமல் வேலை கிடைக்கும், லைன்வீட்டில் ஒரு ரூம் கிடைக்கும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலரும் அப்படி வந்தவர்களாக இருக்கலாம். யார் என்று நான் கேட்கவில்லை. யாராவது ஒரு ஜோடி உங்கள் லைன்வீட்டில் குடி வந்தால் இந்தத் தீர்ப்புகளைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். போலீஸ் கூப்பிட்டால் தனியாக அனுப்பாதீர்கள். வக்கீலோடு, இயக்கத் தோழர்களோடு போகச் சொல்லுங்கள்.

தெரிந்த ஒரு ஜோவும் இருக்கிறார். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. குமரலிங்கத்துச் சங்கர், இன்ஜினியரிங் மாணவர், 22 வயசு. பழனியைச் சேர்ந்த கௌசல்யா. கல்யாணமாகி எட்டு மாதம். துணி எடுத்துவிட்டுத் திரும்பும்போது பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டு பேரையும் வெட்டினார்கள். சங்கர் செத்துப்போனார். கௌசல்யா தலையில் வெட்டுக்காயத்தோடு பிழைத்தார். கேமராவில் பதிவானதை நாடே பார்த்தது. ‘சாய்ராட்’ படம் வெளிவந்தது அதற்குக் கிட்டத்தட்ட ஏழு வாரம் கழித்துத்தான்.

கௌசல்யா வாய் மூடியிருந்தால் ஒருத்தரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நீதிமன்றத்தில் ஏறித் தன்னைப் பெத்தவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12ஆம் தேதி திருப்பூர் நீதிமன்றம் அவருடைய அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. அம்மா விடுதலையானார். 2020 ஜூன் 22ஆம் தேதி உயர் நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்தது. மற்ற ஐந்து பேரின் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தூக்குத் தண்டனை வேண்டுமா என்பது வேறு விவாதம். நான் சொல்ல வருவது, தன் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்து, அதை எழுந்து சொன்ன ஒரு பெண் இருக்கிறார் என்பதைத்தான். அவர் நிறைய இழந்தார். ஆனால் சங்கரின் மானத்தை அவர் இழக்கவிடவில்லை. பறை கற்றுக்கொண்டு அடித்தார். மேடை மேடையாகப் பேசினார். தெரிந்துகொண்ட ஜோ எப்படி இருப்பாள் என்று கேட்டால் அவரைத்தான் நான் காட்டுவேன்.

இப்போது கடைசிக் காட்சிக்கு வருகிறேன். ஜோவின் அப்பாவும் பரியனும் பேசுகிறார்கள். நாளைக்கு எது வேண்டுமானாலும் மாறலாம் என்கிற மாதிரி அவர் சொல்கிறார். நீங்கள் நீங்களாகவே இருந்துகொண்டு, என்னை நாயாகவே வைத்திருக்க நினைக்கும்வரை ஒன்றும் மாறாது என்கிற மாதிரி பரியன் பதில் சொல்கிறான். அப்புறம் இரண்டு டீ டம்ளர், நடுவில் ஒரு மல்லிகைப்பூ. படம் முடிகிறது. இரட்டை டம்ளர் பார்த்த சனங்களுக்கு அந்த இரண்டு டம்ளர் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே பலகையில், சரிக்குச் சரி. அங்கே எனக்கும் கண் கலங்கியது. அந்த இனிப்பை நான் மறுக்கவில்லை.

ஆனால் அங்கே மூணு பேர் இருக்கிறார்கள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர். தெரியாதவள் ஒருத்தி. மண்டபத்தில் நடந்ததை அவளுக்கு யார் சொல்ல வேண்டும்? பரியனா? அவன் அடிபட்டவன். அடிபட்டவனே புண்ணைத் திறந்துகாட்டி, அடித்தவர்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பாடம் நடத்தவும் வேண்டுமா? சொல்ல வேண்டியவர் அந்த அப்பா. “எங்க கல்யாண மண்டபத்துல, என் கண்ணெதிர்ல இந்தப் பையன இப்படிப் பண்ணுனோம்மா” என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் குடிக்கிற டீ பாதி டீதான். அவர் சொல்லாவிட்டால் ஜோ கேட்க வேண்டும். ஏன் வரவில்லை என்று பரியனிடம் கோபித்துக்கொண்டவள், அன்றைக்கு என்ன நடந்தது என்று தன் வீட்டில் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு இதுதான் என் பதில். காதில் விழுந்திருக்கும். விழுந்தாலும் அது என்னவென்று கேட்காமல் இருக்க அந்த வீடுகளில் பெண் பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிற மற்ற சாதித் தோழர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். எங்கள் வளவுக்கு வந்து சாப்பிட்டீர்கள், சந்தோசம். உங்கள் வீட்டுக்குப் போய் உங்கள் மகளிடம், தங்கையிடம், உங்கள் தாத்தா காலத்திலிருந்து எங்களை என்னவெல்லாம் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். எங்கள் வளவில் விருந்து சாப்பிடுவதைவிட அது கஷ்டம். அதனால்தான் கேட்கிறேன்.

படம் வந்து ஏழு வருசம் கழித்து, 2025 ஜூலை 27ஆம் தேதி, அதே திருநெல்வேலிச் சீமையில் பாளையங்கோட்டையில் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். படித்தவர், ஐ.டி. வேலையில் இருந்தவர். வெட்டியது அந்தப் பெண்ணின் தம்பி. பெத்தவர்கள் இரண்டு பேரும் போலீஸ் வேலையில் இருந்தவர்கள். அதே ஆண்டு அக்டோபரில், ஆணவக் கொலைக்கெதிரான தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வு பெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. சட்டம் வரட்டும், வேண்டும். ஆனால் நாளைக்கு எது வேண்டுமானாலும் மாறலாம் என்று சொன்ன ஜோவின் அப்பாவுக்குப் பாளையங்கோட்டை என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். தானாக எதுவும் மாறாது.

முடித்துவிடுகிறேன். அடுத்த சிப்டுக்கு நேரமாகிறவர்கள் இருப்பீர்கள்.

பேங்கில் இப்போது யாராவது அப்பாவைப் பற்றிக் கேட்டால், பண்ணையத்தில் இருந்தார், பிறகு சாயப்பட்டறை, அவிநாசிக்கு வடக்கே வளவு என்று சொல்லிவிடுகிறேன். சிலர் அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார்கள். தாவட்டும். அதில் எனக்கு ஒரு வீரமும் இல்லை, தாமதம்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. என் மகள் மூணாம் வகுப்புப் படிக்கிறாள. எங்கள் சொந்த வீட்டில், எங்கள் சொந்த டம்ளரில் டீ குடித்தாலும், எங்கப்பா குடித்து முடித்ததும் எழுந்துபோய்க் கழுவி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். இந்த வாரம் அவள் கேட்டாள்: “ஏம்ப்பா, அப்பாரு மட்டும் அவரு டம்ளர அவரே கழுவறாரு? அம்மா கழுவமாட்டாங்களா?”

“அப்பாரு சுத்தம் பாக்கறவரு சாமி” என்று சொல்லிவிட்டேன். எங்கப்பா சைக்கிள் மிதித்த அதே மூணு மைலை நானும் மிதித்துவிட்டேன்.

அந்தத் தங்கச்சி கீழே கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துத்தான் என்று இங்கே பேசப் பேசப் புரிகிறது. இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் அவளை மடியில் உட்காரவைத்து, தாத்தனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லப்போகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தேங்காய் பன்னிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

 ஜெய்பீம்.